அணில் சுடும் ரைஃபிளும் எலி பிடிக்கும் கிட்டியும்

கிராமக் கூட்டங்களில் பயிர்ச் சேதம் பற்றிய பேச்சு வந்துவிட்டால், கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி கட்டாயம் வரும். "அமெரிக்காவுல விவசாயி அவன் நிலத்துக்கு வந்த பிராணிய அவனே சுட்டுக்கலாமாம் சார். நமக்கு மட்டும் ஏன் குடுக்க மாட்டேங்கிறாங்க?"

காட்டுப்பன்றி ஒரே இரவில் கிளறிப் போட்ட நிலக்கடலைக் கொல்லையைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் இந்தக் கேள்வியைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. கூட்டத்தில் பதில் சொல்ல ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். அதனால் இங்கே விரிவாகச் சொல்கிறேன். முனைவர் பட்டம் முடித்த பிறகு, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் குதிரைமசால் ஆய்வுக்காக இரண்டு பருவங்கள் இருந்தேன். அல்ஃபால்ஃபா என்று அவர்கள் சொல்வது நம் ஊர் குதிரைமசால்தான். அங்கே ஒரு விவசாயியின் கொட்டகையில் பார்த்ததையும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்து எழுதுகிறேன்.

அங்கே எதிரி யார்?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நாம் பன்றியை நினைத்துக்கொண்டு கேட்கிறோம். அவர்கள் இந்த ரகத் துப்பாக்கியை வைத்திருப்பது அரைக் கிலோவுக்கும் குறைவான ஒரு பிராணிக்காக. மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் தரை அணில் அது. ரிச்சர்ட்சன் தரை அணில் என்பது மொன்டானாவிலும் கனடாவின் புல்வெளிகளிலும் மிகுதி. ஊரார் அதை 'கோஃபர்' என்பார்கள். சமவெளி மாநிலங்களில் அதன் உறவான பிரெய்ரி நாய், கிழக்குப் பகுதியில் வுட்சக் என்ற பருத்த பிராணி. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'வார்மின்ட்', அதாவது தொல்லைப் பிராணி. இவற்றைச் சுடுவதற்கென்றே செய்த துப்பாக்கிதான் வார்மின்ட் ரைஃபிள்.

இந்த அணில் தழையைத் தின்பதோடு விடாது. வளை தோண்டிக் குவித்த மண் மேட்டில் அறுவடை இயந்திரத்தின் வெட்டுக் கத்தி மோதி மழுங்கும். வளைக்குள் சக்கரம் இறங்கும். வரப்பில் வளை இருந்தால் பாசன நீர் அதன் வழியே ஓடிவிடும். நம் பெருச்சாளி செய்கிற அத்தனை வேலையையும் அது செய்யும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் ஆண்டுக் கணக்கைக் கவனியுங்கள், கட்டுரையின் பிற்பகுதிக்கு இது தேவைப்படும். ஆண்டின் பெரும்பகுதியை அது மண்ணுக்கடியில் உறக்கத்தில் கழிக்கிறது. பனி உருகும் பிப்ரவரி கடைசி, மார்ச் வாக்கில் ஆண் முதலில் வெளியே வரும். இரண்டு வாரம் போல கழித்துப் பெண் வரும். வந்த சில நாட்களிலேயே இணை சேரும். 23 நாளில் குட்டி. ஆண்டுக்கு ஒரே ஈற்றுதான், ஆனால் அதில் ஆறிலிருந்து எட்டுக் குட்டிகள் வரை இருக்கும். குட்டிகள் ஒரு மாதம் வளைக்குள் இருந்துவிட்டுத்தான் மேலே தலை காட்டும்.

எந்தத் துப்பாக்கி, ஏன்?

"துப்பாக்கி என்றால் துப்பாக்கிதானே" என்று நினைத்துத்தான் நானும் போனேன். அந்த விவசாயியின் கொட்டகைச் சுவரில் மூன்று தொங்கின. எதற்கு மூன்று என்று கேட்டேன். "உங்கள் ஆய்வகத்தில் எத்தனை தராசு வைத்திருக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார்.

அவர் பார்க்கிற முதல் கணக்கு தூரம். இரண்டாவது, சுட்ட குண்டு எங்கே போய் நிற்கும் என்பது. மூன்றாவது காற்று. விலை, சத்தம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மாட்டுக் கொட்டில் பக்கம், 50 முதல் 75 கஜத்துக்குள் என்றால் .22 லாங் ரைஃபிள். குழலின் உள் விட்டம் அங்குலத்தில் 22 சதம், சுமார் ஐந்தரை மில்லிமீட்டர். இரண்டரை கிராம் ஈயக் குண்டு, விநாடிக்கு 380 மீட்டர் அளவில் போகும். தோட்டா மலிவு, சத்தமும் குறைவு. ஆனால் வேகம் குறைந்த திட ஈயக் குண்டு, கல்லிலோ காய்ந்த தரையிலோ பட்டால் உடையாமல் தெறித்துத் திசை மாறிப் போகும். இந்தச் சின்னத் தோட்டாவின் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சிட்டிருப்பார்கள். ஒன்றரை மைல் என்பது ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். உங்கள் வயலிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் வட்டத்தில் எத்தனை வீடு, எத்தனை பேர் களையெடுக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மொன்டானாவில் அந்த வட்டத்துக்குள் ஒரே ஒரு வீடுதான் இருந்தது. அதுவும் அவருடையது.

அடுத்து .17 எச்.எம்.ஆர். 2002-ல் வந்தது. 1.1 கிராம் எடைதான் குண்டு, நம் அளவில் ஒன்பது குன்றிமணி. ஆனால் விநாடிக்கு 770 மீட்டருக்கு மேல் போகும். மெல்லிய உறை போட்ட அந்தக் குண்டு எதில் பட்டாலும் பெரும்பாலும் தூளாகிவிடும் என்பதால் தெறிக்கும் பயம் குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. குறை என்னவென்றால் காற்று. பக்கவாட்டில் மணிக்கு 16 கிலோமீட்டர் காற்று அடித்தால், 200 கஜத்தில் குண்டு ஓர் அடிக்கு மேல் விலகிவிடும். அணிலே ஓர் அடிதான். ஆகவே 150 கஜத்துக்கு அப்பால் அவர் இதைத் தொடுவதில்லை.

இந்த இரண்டும் விளிம்பில் வெடிக்கும் ரகம். தோட்டாவின் அடி விளிம்புக்குள்ளேயே வெடிக்கும் கலவை இருக்கும், ஒருமுறை சுட்டால் கூடு வீண். மூன்றாவது துப்பாக்கி .223 ரெமிங்டன். இதில் அடிப்பாகத்தின் நடுவில் 'பிரைமர்' என்ற சிறு கிண்ணத்தைத் தனியாக மாற்றிப் பொருத்த முடியும். பித்தளைக் கூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதால்தான் கையால் தோட்டா அடைக்கும் வேலையே பிறந்தது.

இந்த ரகத்தில் தேர்வு நிறைய. 1930-களின் தொடக்கத்தில் வந்த .22 ஹார்னெட் மென்மையானது, சத்தம் குறைவு, வீடுகள் உள்ள பகுதிக்கு இன்றும் நல்லது. 1935-ல் வந்த .220 ஸ்விஃப்ட் விநாடிக்கு 1,250 மீட்டர் வேகம் என்று பெயர் வாங்கியது, குழலைச் சீக்கிரம் அரித்துவிடும் என்றும் பெயர் வாங்கியது. 1950-ல் .222, 1964-ல் .223, அடுத்த ஆண்டு .22-250, 2004-ல் .204 ருகர். வேகம் கூடக் கூட மருந்து கூடும், குழல் சூடாகும், குழலின் தொண்டைப் பகுதி தேயும், தோட்டாச் செலவு ஏறும். அவர் .223-ஐ எடுத்ததற்குக் காரணம் எளிது. ராணுவத் தோட்டாவின் உடன்பிறப்பு என்பதால் கூடு எங்கும் கிடைக்கும், குறைந்த மருந்தில் 250 கஜம் வரை வேலை முடிகிறது. "400 கஜத்தில் ஓர் அணிலைச் சுடுவது விளையாட்டு. எனக்கு வேண்டியது புல்" என்றார். டிராக்டர் வாங்கும்போது குதிரைத்திறனை மட்டும் பார்க்கும் நம் ஆட்களை நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு நுணுக்கம். குழலுக்குள் திருகு போல வெட்டிய வரிகள் குண்டைச் சுழல வைக்கும். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று பல வகை உண்டு. குட்டையான லேசான குண்டுக்கு மெதுவான சுற்று போதும். நீளமான குண்டுக்கு வேகமான சுற்று இல்லையென்றால் நேராகப் பறக்காது. குழலுக்குப் பொருந்தாத குண்டை என்னதான் கவனமாக அடைத்தாலும் குறி தப்பும். மண்ணுக்கு ஏற்ற ரகம் என்று நாம் சொல்வோமே, ஏறக்குறைய அந்தக் கதைதான்.

கொட்டகையில் ஓர் ஆய்வகம்

குளிர்காலம் முழுக்க அவர் செய்வது தோட்டா அடைப்பது. ஆதாயத்துக்காக மட்டும் இல்லை. கடைத் தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவாகச் செய்தது, தன் குழலுக்கு எது ஒத்துவருகிறது என்று தானே சோதித்துக்கொள்ளலாம் என்பதுதான் அடிப்படை.

(நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். இங்கே யாரும் செய்து பார்ப்பதற்காக இதை எழுதவில்லை. இந்த வேலையில் உள்ள ஒழுங்கு நமக்கு வேறு இடத்தில் தேவைப்படுகிறது, அதற்காக எழுதுகிறேன்.)

சுட்ட கூடுகளை முதலில் ஒவ்வொன்றாக விளக்கடியில் திருப்பிப் பார்ப்பார். கழுத்தில் கீறல், அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளக்கும் வளையம் தெரிந்தால் அந்தக் கூடு குப்பைக்கு. வளையம் தெரிந்தால் உலோகம் அங்கே மெலிந்துவிட்டது என்று பொருள், அடுத்த முறை அந்த இடத்தில் பிய்ந்துவிடும். நல்ல கூட்டைச் சுத்தம் செய்து, எண்ணெய் தடவி, அச்சுக்குள் அழுத்தி மீண்டும் அளவுக்குக் கொண்டுவருவார். நீண்டிருந்தால் வாயைச் சீவி ஒரே நீளமாக்குவார். புது பிரைமர் பொருத்துவார். பிறகுதான் மருந்து.

மருந்தை அவர்கள் 'கிரெய்ன்' கணக்கில் நிறுக்கிறார்கள். பெயரே தானியம்தான். ஒரு வாற்கோதுமை மணியின் எடையிலிருந்து வந்த அளவு, இன்றைய கணக்கில் 64.8 மில்லிகிராம். நம் குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெய்ன். அவர் தராசு ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும். அதாவது ஆறரை மில்லிகிராம், சன்ன ரக நெல் ஒன்றின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு தோட்டாவுக்குப் போகும் மொத்த மருந்தே ஒன்றரை கிராம் சுமார்தான் என்பதால் இந்த நுட்பம் தேவைப்படுகிறது.

எவ்வளவு போடுவது என்பதை அவர் தானாக முடிவு செய்வதில்லை. மருந்து, குண்டு தயாரிக்கும் நிறுவனங்கள் சோதித்து வெளியிடும் கையேடு மேசையில் திறந்திருக்கும். இந்தக் குண்டு, இந்த மருந்து, தொடக்க அளவு இவ்வளவு, உச்ச அளவு இவ்வளவு என்று அதில் இருக்கும். தொடக்க அளவில் ஆரம்பித்துச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வோர் அளவிலும் சில தோட்டா சுட்டு, குறி எங்கே ஒன்றாகச் சேர்கிறது என்று பார்ப்பார். பெரும்பாலும் உச்ச அளவுக்குக் கீழேயே நல்ல இடம் கிடைத்துவிடும், அங்கேயே நிறுத்திவிடுவார். கூட்டின் தயாரிப்பு மாறினால்கூட மறுபடி கீழிருந்துதான். ராணுவக் கூட்டின் சுவர் தடித்திருந்தால் உள்ளே இடம் குறையும், அதே மருந்து அதிக அழுத்தம் தரும். வெயிலில் வண்டிக்குள் கிடந்து சூடேறிய தோட்டாவும் அப்படித்தான், ஜனவரியில் சரியாக இருந்தது ஜூலையில் எல்லை தாண்டும்.

யூரியா நினைவுக்கு வருகிறதா? மண் பரிசோதனை அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பக்கத்து வயல்காரர் போட்டதைவிட அரை மூட்டை கூடப் போடுகிற பழக்கம்? துப்பாக்கியில் அது உடனே முகத்தில் தெரிந்துவிடும். வயலில் புகையானாகவும், பயிர் சாய்வதாகவும் இரண்டு மாதம் கழித்துத் தெரியும்.

ஒருநாள் மாலை அவர் ஐம்பது தோட்டா அடைத்து முடித்துவிட்டு எழுந்தார். மேசையின் ஓரத்தில் இன்னொரு மருந்து டப்பா மூடி திறந்தபடி இருந்தது. பார்ப்பதற்கு இரண்டு மருந்தும் ஒரே மாதிரி கரும்பச்சைக் குருணை. ஒரு நேரத்தில் மேசையில் ஒரே ஒரு மருந்துதான் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. எதிலிருந்து அளவையில் கொட்டினோம் என்று அவருக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அநேகமாகச் சரியான டப்பாதான் என்றார். ஆனாலும் மறுநாள் காலை ஐம்பதையும் ஒவ்வொன்றாகப் பிரித்தார். குண்டு தனியாக, கூடு தனியாக எடுத்து வைத்துவிட்டு, மருந்து முழுவதையும் வெட்ட வெளியில் மெல்லியதாகப் பரப்பிக் கொளுத்திவிட்டார். மூன்று மணி நேரம் ஆயிற்று. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். களைக்கொல்லி தெளித்த கைத்தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் அதிலேயே பூச்சி மருந்து கலந்து அடித்து, பருத்திச் செடி எல்லாம் சுருண்டு நின்ற வயல்கள் எத்தனையோ பார்த்தவன் நான். "அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும்" என்பதுதான் அங்கெல்லாம் நடந்தது.

பலன் இருந்ததா?

இவ்வளவு துல்லியத்துக்குப் பிறகும் அணில் குறைந்ததா என்று கேட்டால், அவர் சிரித்துவிட்டு ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். மாலையில் வளைகளை மண்ணால் மூடி, மறுநாள் எத்தனை திறந்திருக்கிறது என்று எண்ணுவது அவர் வழக்கம். உயிர்வளைக் கணக்கெடுப்பு என்று நம் விரிவாக்க அலுவலர்கள் சொல்லித் தருவதும் இதுதான். மே, ஜூன் மாதங்களில் நகரத்திலிருந்து வரும் நண்பர்கள் நாள் முழுக்கச் சுட்டுத் தள்ளிய ஆண்டுகளில், அடுத்த வசந்தத்தில் வளை எண்ணிக்கை குறையவே இல்லை. அப்போது சுடப்பட்டவை பெரும்பாலும் புதிதாக வெளியே வந்த குட்டிகள். அவற்றில் பாதிக்கு மேல் எப்படியும் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டியிருக்காது. விட்ட இடத்தைப் பக்கத்து நிலத்து அணில்கள் வந்து நிரப்பிக்கொண்டன.

மார்ச் கடைசியில், பெண் அணில் குட்டி போடும் முன் அவர் ஒருவராக இறங்கிய ஆண்டுகளில்தான் வித்தியாசம் தெரிந்தது. அந்த நேரத்தில் ஒரு பெண் போனால் எட்டுப் பத்து வாய் போனதற்குச் சமம். அதுவும் சிறிய பரப்பில், எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது. பெரிய பரப்புக்கு அங்கேயும் பொறி, ஜிங்க் பாஸ்பைடு கலந்த ஓட்ஸ் இரை என்றுதான் போகிறார்கள். துப்பாக்கி மிச்சம் மீதியைத் துடைக்கிற கருவி.

இன்னொரு விலையும் இருக்கிறது. வேகமான குண்டு அணிலின் உடலுக்குள் தூளாகும் என்றேன். அந்த ஈயத் தூள் உடலுக்குள்ளேயே கிடக்கும். வயலில் விட்ட உடலைக் கழுகும் பருந்தும் தின்னும். அமெரிக்காவில் 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைச் சோதித்து 2022-ல் வெளியான ஆய்வில், வெண்தலைக் கழுகு, பொன்னிறக் கழுகு இரண்டிலுமே பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றின் எலும்பில் நாள்பட்ட ஈய நஞ்சு தெரிந்தது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. செம்புக் குண்டு மாற்றாக வந்திருக்கிறது. செம்பு ஈயத்தைவிட லேசு, அதே எடைக்கு நீளம் கூடும், அதனால் குழலின் சுற்றும் அதற்குப் பொருந்த வேண்டும். அணிலைத் தானாகவே பிடித்துத் தின்கிற பருந்தைக் கொன்றுவிட்டு, அணிலுக்குத் தோட்டா அடைப்பது என்ன கணக்கு என்று அவரே கேட்டார். நான் இருந்த இரண்டாவது பருவத்தில் செம்புக்கு மாறிவிட்டார்.

மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசியால் பிணந்தின்னிக் கழுகுகளை இழந்து, 2006-ல் அதைத் தடை செய்த நாடு நம்முடையது. மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியவற்றைத்தான் இன்று காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது அதனால்தான்.

நம் வயலுக்கு வருவோம்

பன்றி விஷயத்தில் இன்றைய நிலை இது. காட்டுப்பன்றி வன உயிரினச் சட்டத்தின் பட்டியலில் உள்ள விலங்கு, நிலத்துக்காரர் தானாகச் சுட முடியாது. 2025 ஜனவரியில் சட்டப்பேரவையில் அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடுவது, மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவது. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர் அனுமதியோடு உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர் சுடலாம். ஆயுதச் சட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க இடம் உண்டு. ஆனால் அந்த உரிமம் பட்டியலில் உள்ள விலங்கைக் கொல்ல அனுமதி ஆகிவிடாது. அவுட்டுக்காயும் திருட்டு மின்வேலியும் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. யானையோடு சேர்த்து, வரப்பில் நடந்த சொந்த ஊர்க்காரரையும் எடுத்துக்கொண்ட செய்தி இந்த நாளிதழிலேயே படித்திருப்பீர்கள். பன்றி புகுந்தால் உடனே படம் எடுத்து, சர்வே எண்ணோடு வனச்சரக அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் எழுத்தில் கொடுத்து, பெற்றதற்கு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்ன சேதத்துக்குக் கணக்கும் இல்லை, இழப்பீடும் இல்லை.

மொன்டானா அணிலுக்கு நேரான நம் பிராணி வயல் எலிதான். அதற்குத் துப்பாக்கி வேண்டாம், நாள் கணக்கு வேண்டும். நெல் பொதி கட்டும் பருவத்தில்தான் எலி இனப்பெருக்கம் மும்முரமாகும். கதிர் வெட்டுப்பட்டதைப் பார்த்த பிறகு கிட்டிக்காரரைத் தேடுகிறோம். அப்போது வளைக்குள் குட்டி இருக்கும், வெளியே தின்ன நெல் இருக்கும்போது மருந்து வைத்த பொரியை எந்த எலி சீண்டும்? நிலம் காலியாகக் கிடக்கும் கோடையிலும், நடவு முடிந்து தூர் கட்டுவதற்குள்ளும் வேலையை முடிக்க வேண்டும். வரப்பைச் செதுக்கிச் சின்னதாக்குங்கள், பெரிய வரப்பில்தான் பெருச்சாளி குடித்தனம் நடத்தும். தஞ்சாவூர் கிட்டியை ஒரே வாரத்தில் வாய்க்கால் பாசனப் பரப்பு முழுக்க வைக்க வேண்டும். நீங்கள் மட்டும் வைத்தால் பக்கத்து வயல் எலி உங்கள் வயலுக்குக் குடிவந்துவிடும், மொன்டானாவில் நடந்தது போலவே. கூகை உட்கார 'டி' வடிவக் குச்சிகளை நடவு முடிந்ததும் நட்டு, பால் பிடிக்கும் முன் பிடுங்கிவிடுங்கள், இல்லையென்றால் நெல் கொத்தும் பறவைகள் அதில் வந்து உட்காரும். கூகை வரும் வயலில் நஞ்சு இரை வைத்தால், செத்த எலிகளைக் காலையில் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இந்தக் கோடையிலேயே ஒரு மாலை உங்கள் வரப்பு வளைகளை மூடிவிட்டு, மறுநாள் விடியலில் திறந்தவற்றை எண்ணித் தேதியோடு எழுதுங்கள். கிட்டி வைத்த பிறகு ஒருமுறை, தூர் கட்டும்போது ஒருமுறை. அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோடு வந்தால், கடைசி வரிசைக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.